ஒரு நோட்டில் தொடங்குவோம்: வீட்டு வரவு செலவுக் கணக்கு



நம் டிரஸ்ட்டுக்கு உதவி கேட்டு வரும் மனுக்கள் மே, ஜூன் மாதங்களில்தான் அதிகம். பள்ளிக் கட்டணம், சீருடை, நோட்டுப் புத்தகம் என்று காரணம் எழுதியிருக்கும். சில மனுக்களோடு நகை அடகு ரசீதும் சேர்ந்து வரும். "வீட்டுக்கு மாதம் எவ்வளவு செலவாகிறது?" என்று கேட்டால் உடனே பதில் சொல்பவர்கள் குறைவு.

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. என் வீடும் அப்படித்தான் இருந்தது. மூத்த மகளின் நிக்காஹுக்கு எவ்வளவு ஆகும் என்று எழுதிப் பார்க்காமலே இறங்கினேன். கடைசி வாரத்தில் மூன்று பவுன் அடகுக்குப் போனது. மீட்க முடியாமல் ஏலத்திலும் போனது. அதன் பிறகுதான் நோட்டு வாங்கினேன்.

ரூ.30,000 கடனுக்கு நூற்றுக்கு மூன்று வட்டி என்றால் மாதம் ரூ.900, ஆண்டுக்கு ரூ.10,800. அவ்வளவும் கட்டிய பிறகும் அசல் அப்படியே நிற்கும். வட்டி ஹராம் என்பது நமக்குத் தெரியும். அது பிள்ளைகளின் படிப்புச் செலவையும் சேர்த்தே கொண்டுபோகிறது.

திட்டமிடுவது தவக்குலுக்கு மாறானதல்ல. விளைச்சல் நன்றாக இருந்த ஏழு ஆண்டுகளில் உண்பதற்கு வேண்டியது போக மீதியைக் கதிரோடு சேமிக்கச் சொல்லி, அடுத்த ஏழு பஞ்ச ஆண்டுகளுக்கு வழி காட்டினார்கள் யூசுஃப் நபி (அலை). குதிரில் நெல் கொட்டி வைத்த நம் முன்னோருக்கு இது விளங்கும்.

தொடங்கும் வழி இதுதான்:

1. ஒரு மாதம் எழுதுங்கள். டீ, பஸ், செல்போன் ரீசார்ஜ் உட்பட அன்றாடச் செலவு அனைத்தையும் இரவில் கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதுங்கள். முதல் மாதம் எதையும் குறைக்க வேண்டாம். பணம் எங்கே போகிறது என்று தெரிந்தால் போதும்.

2. வேலை குறைந்த மாதத்தை அடிப்படையாக வையுங்கள். பெரியாறு தண்ணீர் வந்து நடவு தொடங்கினால்தான் வயல் வேலை. ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்களுக்கும் எல்லா மாதமும் ஒரே கூலி இல்லை. நல்ல மாதம் ரூ.15,000, மந்தமான மாதம் ரூ.11,000 வருகிறதென்றால், ரூ.11,000-க்குள் குடும்பம் நடக்க வழி பாருங்கள். மிஞ்சும் ரூ.4,000 மந்தமான மாதத்துக்கும் கடனுக்கும் உரியது.

3. கடன்களை வரிசைப்படுத்துங்கள். எந்தக் கடனுக்கு வட்டி அதிகமோ, அதை முதலில் அடைத்து விடுங்கள். அடகு நகைகளின் தவணைத் தேதிகளை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

4. இரண்டு காலண்டரையும் பாருங்கள். பள்ளி திறப்பது ஜூனில். ரமலானும் பெருநாட்களும் ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னதாக வரும். 2030-இல் ஜனவரியிலும் டிசம்பரிலுமாக இரண்டு முறை ரமலான் தொடங்கும். ஜகாத் கடமையானவர்கள் அந்தத் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

5. இலக்குக்குத் தொகையும் தேதியும் எழுதுங்கள். "பிள்ளையைப் படிக்க வைக்க வேண்டும்" என்பது ஆசை. "வரும் ஜூனுக்குள் ரூ.12,000" என்பது இலக்கு. ஜூலையில் தொடங்கினால் மாதம் ரூ.1,000 போதும். அதைத் தனி வங்கிக் கணக்கில் போடுங்கள். சீட்டுச் சேர்வதானால் அது 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவானதா என்று கேளுங்கள்.

சிறு தொகையால் என்ன ஆகும் என்று நினைக்க வேண்டாம். மலேசியக் கிராமத்து மக்கள் நிலத்தையும் கால்நடைகளையும் விற்று ஹஜ்ஜுக்குப் போய், திரும்பி வந்து வறுமையில் தவித்தார்கள். இதைக் கண்ட பொருளாதாரப் பேராசிரியர் உங்கு அஜீஸ், சிறுகச் சிறுக வட்டியில்லாமல் சேமிக்கும் திட்டத்தை 1959-இல் முன்வைத்தார். 1963-இல் அதற்கென ஒரு நிறுவனம் தொடங்கியது. இன்று 'தாபுங் ஹாஜி' என்ற பெயரில் இயங்குவது அதன் தொடர்ச்சிதான்.

கணக்கு எழுத உதவி தேவைப்படுபவர்கள் மஃரிபுக்குப் பின் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள். உங்கள் வீட்டுக் கணக்கு வெளியே போகாது. நோட்டை மட்டும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.

அல்லாஹ் நம் அனைவரின் ரிஸ்கிலும் பரக்கத் செய்து, கடனில்லாத வாழ்வைத் தருவானாக. ஆமீன்.

செயலாளர்