‘நான் இருந்திட்டா ஆர் தேடுறது?’: முழங்கால் நோவும் முதுமையில் நடையும்

பெரியம்மாவுக்கு இப்போது 69 வயது. 2009 மே மாதம் வட்டுவாகலில் தன் மூத்த மகனைத் தானே கூட்டிச் சென்று இராணுவத்திடம் ஒப்படைத்தவர். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கியபோது, முதல் வாரத்திலேயே மகனின் படத்தோடு போய் அமர்ந்தவர். விசாரணை என்று வீட்டுக்கு வந்து போனவர்களாலும் அவரை நிறுத்த முடியவில்லை. கடைசியில் நிறுத்தியது வலது முழங்கால்.

முதலில் பஸ் படியில் ஏறும்போது ஒரு குத்து. பிறகு இரவில் உளைவு. பிறகு நிலத்தில் இருந்தால் எழும்ப முடியாத நிலை. கனடாவில் இருக்கும் இளைய மகன் பதறிப்போய் கிணற்றுக்கு மோட்டர் பூட்டக் காசு அனுப்பினான். காஸ் அடுப்பு வந்தது, சாய்மனைக் கதிரை வந்தது. “அம்மா, நீங்கள் இனி ஒரு வேலையும் செய்யக்கூடாது” என்று கட்டளையும் வந்தது. நானும் என் பங்குக்குச் சொன்னேன்: “பேசாமல் இருங்கோ பெரியம்மா, காலம் முழுக்க ஓடின கால்தானே.” பாசத்தில் சொன்னதுதான். ஆறு மாதத்தில் இரண்டு கையையும் ஊன்றாமல் அந்தக் கதிரையில் இருந்து அவரால் எழும்ப முடியவில்லை. வளவின் பின்பக்கம் இருக்கும் மலசலகூடத்துக்கு இரவில் போக ஆள் துணை வேண்டியிருந்தது. நோவும் குறையவில்லை, கூடியிருந்தது.

நான் ஊடகக் கற்கை படித்தவள். மருத்துவம் தெரியாது. ஆனால் அந்த ஆறு மாதம் எனக்குள் ஒரு கேள்வியை எழுப்பியது: ஓய்வு கொடுத்தும் ஏன் நோ கூடுகிறது? வைத்தியசாலையில் பெரியம்மாவோடு காத்திருந்த காலைகளில் கேட்டறிந்ததையும் பிறகு தேடி வாசித்ததையும்தான் இங்கே எழுதுகிறேன்.

எக்ஸ்ரேயைப் பார்த்த வைத்தியர் ‘தேய்மானம்’ என்றார். எங்கள் ஆட்கள் இந்தச் சொல்லைக் கேட்டவுடன் சைக்கிள் டயரைத்தான் நினைக்கிறார்கள். ஓடினால் தேயும், நிறுத்தி வைத்தால் மிஞ்சும் என்ற கணக்கு. மூட்டு அப்படி வேலை செய்வதில்லை. எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் இருந்துதான் அதற்கு ஊட்டம் போக வேண்டும். காலை ஊன்றும்போது அது பஞ்சு போல அமுங்கும், தூக்கும்போது விரிந்து திரவத்தை உறிஞ்சும். நடை நின்றால் இந்தப் போக்குவரத்தும் மந்தமாகிவிடும்.

இரண்டாவது விடயம் தொடைத் தசை. நடக்கும்போதும் படி இறங்கும்போதும் முழங்காலில் விழும் பாரத்தின் பெரும் பங்கைத் தாங்குவது முன்தொடைத் தசைதான். வயது போனவர்களுக்குச் சில வாரங்கள் அசையாமல் இருந்தாலே அது கண்ணுக்குத் தெரிய மெலிந்துவிடும். தசை மெலிந்தால் பாரம் மூட்டில் விழும், நோ கூடும். நோ கூடினால் இன்னும் இருப்போம். பெரியம்மாவின் ஆறு மாதம் இப்படித்தான் போனது. எக்ஸ்ரேயும் நோவும் எப்போதும் ஒத்துப்போவதில்லை என்பதும் எனக்குப் புதிய செய்தி. படத்தில் மோசமாகத் தேய்ந்த முழங்காலோடு தோட்டம் கொத்துகிறவர்களும் இருக்கிறார்கள், படத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாமல் துடிப்பவர்களும் இருக்கிறார்கள்.

அங்கிருந்து பிசியோதெரபி என்று நாங்கள் சொல்லும் இயன்மருத்துவப் பகுதிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த இளம்பெண் முழங்காலைத் தொட முதல் கேட்ட கேள்வி, “அம்மா, என்ன செய்ய ஏலாமல் இருக்கிறது உங்களுக்குப் பெரிய கவலை?”

“கோயிலடிக்குப் போகவேணும் பிள்ளை. படத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கவேணும். ஊர்வலம் போனா நடக்கவேணும். நான் வீட்டில இருந்திட்டா ஆர் தேடுறது?”

அந்தப் பெண் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அட்டையை எடுத்து, ‘நிற்க 30 நிமிடம், நடக்க 1 கிலோமீற்றர், ஓகஸ்ட் 30’ என்று எழுதினார். ஓகஸ்ட் 30 சர்வதேச காணாமல் ஆக்கப்பட்டோர் தினம். அப்போது மார்ச் மாதம்.

பயிற்சிக்குக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஒரு பிளாஸ்ரிக் கதிரைக்குள் இன்னொரு கதிரையைப் போட்டு, பின்பக்கம் சுவரோடு முட்ட வைக்கச் சொன்னார். இரண்டு கதிரை என்றால் உறுதியாக நிற்கும், இருக்கையும் கொஞ்சம் உயரும். உயரக் கூடினால் எழும்புவது சுலபம். பாதங்களைச் சற்று அகட்டி வைத்து, மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை முன்னுக்குச் சாய்ந்து, மெல்ல எழும்ப வேண்டும். ‘தொப்’ என்று விழாமல் மூன்று எண்ணி இருக்க வேண்டும். இருக்கும்போது மெதுவாக இறங்குவதில்தான் தசைக்குக் கூட வேலை. முதல் வாரம் காலையில் ஐந்து, பின்னேரம் ஐந்து. முதலில் கையை ஊன்றினாலும் பிழையில்லை.

அதே கதிரையில் இருந்தபடி ஒரு காலை நேரே நீட்டி ஐந்து எண்ணும்வரை பிடித்து இறக்குவது இன்னொன்று. யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிக்காலை உயர்த்தி இறக்குவது மற்றொன்று. சுவரோரம் ஒரு பாதத்துக்கு முன்னால் மற்றப் பாதத்தை வைத்து நின்று பழகுவது விழாமல் இருப்பதற்கு. முழங்கால் நோவைவிட இந்த வயதில் விழுவதற்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். இடுப்பு எலும்பு உடைந்தால் பலர் பழையபடி நடமாடுவதில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டல், 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலசைவும், இரண்டு நாளாவது தசைகளுக்குப் பயிற்சியும், மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சியும் வேண்டும் என்கிறது. எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒன்றும் செய்யாததைவிடக் கொஞ்சம் செய்வது நல்லது என்று அதே வழிகாட்டல்தான் சொல்கிறது. பெரியம்மா வளவு வாசல் வரை போய் வரும் ஐந்து நிமிடத்தில்தான் தொடங்கினார். முற்றம் கூட்டுவதும் வாளியில் அரைவாசித் தண்ணீர் தூக்குவதும்கூட இந்தக் கணக்கில் சேரும்.

‘நோகும்போது செய்யலாமா?’ இதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. எங்களுக்குச் சொல்லித்தந்த முறை இது. நோவே இல்லாததைப் பூச்சியம் என்றும் தாங்கவே முடியாததைப் பத்து என்றும் வையுங்கள். செய்யும்போது நான்கு, ஐந்து வரை போகலாம். ஆனால் அடுத்த நாள் காலைக்குள் அது பழைய நிலைக்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்காவிட்டால் நேற்றுச் செய்தது கூடிவிட்டது. இன்று அதில் பாதி செய்ய வேண்டும். பாதி, அடியோடு நிறுத்துவது அல்ல.

எங்கள் பெண்களுக்கு இது லேசில் வராது. நோ குறைந்த நாளில் உடுப்புத் தோய்த்து, வளவு கூட்டி, விறகு கொத்தி, மாவும் இடித்துவிட்டு, அடுத்த மூன்று நாள் பாயில் கிடப்பார்கள். ‘வேலை செய்தபடியால்தான் வந்தது’ என்ற முடிவுக்கும் வருவார்கள். அந்த வேலைகளை நான்கு நாளுக்குப் பிரித்திருந்தால் பாயில் கிடக்க வேண்டியிருக்காது.

பொல்லு பிடிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நோகும் காலின் பக்கத்துக் கையிலேயே பலர் பிடிக்கிறார்கள். மற்றக் கையில் பிடித்தால்தான் பாரம் குறையும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், மணிக்கட்டு மடிப்பின் உயரத்துக்குப் பொல்லின் பிடி வர வேண்டும். பெரியம்மா பொல்லு வேண்டாம் என்று அடம்பிடித்தார். வெட்கம் என்று நினைத்தேன். “படத்தை எந்தக் கையால பிடிக்கிறது?” என்றார். படத்துக்கு இப்போது கயிறு கட்டிக் கழுத்தில் போட்டிருக்கிறோம்.

போர் கடந்த உடம்புகளுக்குச் சில தனிக் கணக்குகள் இருக்கின்றன. பெரியம்மாவின் இடது தோளில் ஒரு ஷெல் துண்டு இன்னும் இருக்கிறது. அங்கே வரும் நோ வேறு விதம், எரிவாகவும் மின்சாரம் அடித்தது போலவும் இருக்கும். அது நரம்பு நோ. பனடோலுக்கு அது பெரிதாக அடங்காது, அதற்கு வேறு மருந்து இருக்கிறது. ‘நோகுது’ என்று மட்டும் சொல்லாமல் எப்படி நோகிறது என்று வைத்தியரிடம் சொன்னால்தான் அந்த வேறுபாடு பிடிபடும். உடம்பில் துண்டு இருப்பவர்கள் எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கு முதல் கட்டாயம் அதைச் சொல்ல வேண்டும். காந்தத்தின் இழுவையில் உலோகம் அசையக்கூடும்.

ஒரு காலை இழந்தவர்களுக்கு இருபது, முப்பது வருடமாக மற்றக் கால்தான் மிச்சப் பாரத்தைச் சுமந்திருக்கிறது. அவர்களுக்கு அந்த ‘நல்ல’ முழங்கால் முந்தியே நோகத் தொடங்குவது வழமை. செயற்கைக் கால் தளர்ந்துபோயிருந்தால் அந்தச் சுமை இன்னும் கூடும். 1987 முதல் இயங்கிவரும் யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிறுவனம் போன்ற இடங்களில் அளவைச் சரிபார்ப்பது முழங்காலுக்கும் மருந்து.

இன்னொன்றைத் தயங்கித்தான் எழுதுகிறேன். வானத்தில் கெலிச் சத்தம் கேட்டால் எனக்கு இன்றும் தோள் தானாகச் சுருங்குகிறது. ஆபத்து முடிந்து இத்தனை வருடமாகியும் உடம்புக்கு அது தெரியவில்லை. நோவைக் கடத்தும் நரம்புகளும் இப்படிப் பழகிப்போவது உண்டு. நித்திரையின்மை, பயம், முடிவு தெரியாத துக்கம் எல்லாம் அந்த எச்சரிக்கைச் சத்தத்தைக் கூட்டிவிடும். இதைச் சொன்னால் ‘அப்ப எல்லாம் மனப்பிரமை எண்டு சொல்லுறியோ?’ என்று கோபிப்பார்கள். இல்லை. நோ உண்மை. ஆனால் நோகிற ஒவ்வொரு முறையும் உள்ளே ஏதோ உடைகிறது என்று பொருள் இல்லை. அதைத் தெரிந்துகொண்டால் காலை ஊன்றும் பயம் பாதியாகக் குறையும்.

குளிசை விடயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்க வேண்டும். கால் நோ என்று சொன்னவுடன் பல நிறக் குளிசைகளை ஒரு சின்னப் பையில் போட்டுத் தரும் கடைகள் இருக்கின்றன. அதில் டைக்ளோபினாக், இபுபுரோஃபன் வகை இருந்தால், தொடர்ந்து எடுக்கும்போது வயிற்றில் இரத்தக் கசிவு வரலாம், பிரசர் கூடலாம், சிறுநீரகம் பழுதாகலாம். சீனி வருத்தமும் பிரசரும் உள்ளவர்களுக்கும், சிறுநீரக நோய் பரவலாக இருக்கும் வவுனியா போன்ற இடங்களில் வாழ்பவர்களுக்கும் இது விளையாட்டல்ல. பனடோல் ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது, ஆனால் 500 மில்லிகிராம் குளிசை நாளுக்கு எட்டைத் தாண்டக் கூடாது. மெலிந்தவர்களுக்கும் ஈரல் நோய் உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு, வைத்தியரைக் கேட்க வேண்டும். பெயர் எழுதாத ‘நாட்டு மருந்து’ தூள் இரண்டு நாளில் அதிசயமாக நோவை எடுத்தால் சந்தேகப்படுங்கள். அதில் ஸ்டீரோய்ட் கலந்திருக்கக்கூடும்.

எண்ணெய் பூசுவதும் ஒத்தடம் கொடுப்பதும் நல்லது. எண்ணெய் குருத்தெலும்பை வளர்க்காது, ஆனால் விறைப்பு இளகும். பயிற்சிக்கு முன் செய்தால் கால் சொன்னபடி கேட்கும். சீனி வருத்தத்தால் கால் மரத்தவர்களுக்கு ஒத்தடத்தின் சூட்டை வேறொருவர் பார்த்துக் கொடுக்க வேண்டும், கொப்பளித்த பிறகுதான் அவர்களுக்குத் தெரியவரும்.

மூட்டு சிவந்து வீங்கிச் சூடாகிக் காய்ச்சலும் வந்தால், விழுந்தபின் காலை ஊன்றவே முடியாவிட்டால், கால் திடீரென்று பலமிழந்தாலோ சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ, நடக்கும்போது நெஞ்சு இறுகி மூச்சு வாங்கினால், பயிற்சியை விட்டுவிட்டு உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். ஷெல் துண்டு உள்ள இடம் புதிதாக வீங்கினாலும் அப்படித்தான்.

ஓகஸ்ட் 30 அன்று பெரியம்மா ஊர்வலத்தில் பாதித் தூரம் நடந்தார். பிறகு யாரோ கொடுத்த கதிரையில் வீதியோரம் பத்து நிமிடம் இருந்தார், எழும்பி மிச்சத்தையும் நடந்தார். அடுத்த நாள் முழங்கால் கொஞ்சம் வீங்கியிருந்தது. மகன் கனடாவில் இருந்து ஏசினான். இரண்டு நாள் பாதிப் பயிற்சி, மூன்றாம் நாள் பழையபடி.

கோயிலடியில் அவரோடு இருக்கும் மற்ற அம்மாக்களும் இப்போது கதிரையில் எழும்பி இருக்கிறார்கள், பேச்சுக்கு நடுவில், ஐந்து ஐந்தாக. பெரியம்மாதான் எண்ணுகிறார். வீட்டில் அவர் சுவரோடு வைத்திருந்த இரண்டு கதிரைகளில் மேலே இருந்ததைப் போன கிழமை எடுத்து, வருகிறவர்கள் இருப்பதற்கு விறாந்தையில் போட்டிருக்கிறார்.