ஊதிய உயர்வு நான்கு சதவீதம். அதில் ஒரு சதவீதம் யார் தலையில்?

2025 மே 22 அன்று, இங்கிலாந்தின் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு 4 சதவீத ஊதிய உயர்வு தரப்படும் என்று கல்வி அமைச்சர் பிரிட்ஜெட் ஃபிலிப்சன் அறிவித்தார். லண்டனுக்கு வெளியே புதிதாக வேலையில் சேரும் ஆசிரியரின் ஆண்டுச் சம்பளம் 32,916 பவுண்டானது. உயர்வைச் சமாளிக்கப் பள்ளிகளுக்கு 61.5 கோடி பவுண்டு கூடுதல் மானியமும் அறிவிக்கப்பட்டது. தலைப்புச் செய்திக்கு இவ்வளவு போதும். ஆனால் அந்த அறிவிப்பின் உள்ளே இன்னொரு வரியும் இருந்தது. உயர்வின் முதல் 1 சதவீதத்துக்கான பணத்தை, செலவைச் சிக்கனமாகச் செய்து, செயல்திறனைக் கூட்டி, பள்ளிகளே தேடிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அது.

ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். இங்கிலாந்தின் தலைமை ஆசிரியர்கள் பல ஆண்டுகளாக இரவில் கணக்குப் போட்டுக் குழம்புவது இந்த ஒன்று, ஒன்றரை, இரண்டு சதவீதங்களோடுதான்.

நம் வாசகருக்கு இதில் முதலில் புரிய வேண்டியது, அங்கே சம்பளம் கொடுப்பது யார் என்பது. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியானாலும் அரசு உதவிபெறும் பள்ளியானாலும் ஆசிரியர் சம்பளம் கருவூலம் வழியாக அரசிடமிருந்தே வருகிறது. அகவிலைப்படி கூடினால் தலைமை ஆசிரியர் பட்டியல் தயாரித்து அனுப்புவார். அதற்குப் பணம் எங்கே என்று அவர் யோசிக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தில் நடைமுறை வேறு. எத்தனை மாணவர்கள் படிக்கிறார்கள் என்று பார்த்து, ஒரு சூத்திரத்தின்படி ஆண்டுக்கு ஒரு மொத்தத் தொகை பள்ளிக்குத் தரப்படுகிறது. ஆசிரியர் சம்பளம், மின் கட்டணம், ஒழுகும் கூரைக்குப் பழுது, நோட்டுப் புத்தகம், துப்புரவு என எல்லாமே அதற்குள் முடிய வேண்டும். அந்தத் தொகையில் பெரும்பகுதி சம்பளத்துக்கே போய்விடுகிறது.

சம்பளம் எவ்வளவு உயர வேண்டும் என்பதைப் பள்ளி முடிவு செய்வதில்லை. 1991இல் சட்டம் மூலம் உருவான ஊதிய மறுஆய்வுக் குழு ஒன்று பரிந்துரைக்கிறது. கல்வி அமைச்சர் அதை ஏற்கிறார், அல்லது வெட்டுகிறார். ‘அகாடமி’ என்று அழைக்கப்படும் தன்னாட்சிப் பள்ளிகளுக்குச் சொந்தமாக ஊதியம் நிர்ணயிக்கும் உரிமை உண்டு என்றாலும், பெரும்பாலானவை தேசிய அளவையே பின்பற்றுகின்றன. அடுத்த பள்ளியில் கூடுதலாகக் கிடைத்தால் ஆசிரியர் அங்கே போய்விடுவாரே! ஆக, விகிதத்தை ஒருவர் சொல்கிறார், ஒருவர் கையெழுத்திடுகிறார், பணம் கட்டுவது மூன்றாமவர். மேடையில் ஏறி ‘கல்யாணச் செலவு என்னுடையது’ என்று அறிவித்த பெரியவர், பந்தி முடிந்ததும் பில்லின் ஒரு பகுதியைப் பெண் வீட்டாரிடம் நீட்டுவது போன்ற ஏற்பாடு இது.

உயராத சம்பளம் தாங்கிய பட்ஜெட்

இந்தச் சிக்கல் சம்பளம் உயர்ந்ததால் தொடங்கியது என்று சொல்வது பாதி உண்மை. மறுபாதி, அதற்கு முந்தைய பத்தாண்டில் இருக்கிறது.

2010இல் ஆட்சிக்கு வந்த கூட்டணி அரசு, சிக்கன நடவடிக்கையாக இரண்டு ஆண்டுகள் ஆசிரியர் ஊதியத்தை உறையவைத்தது. அதன்பின் 2017 வரை ஆண்டுக்கு 1 சதவீத வரம்பு. நிதிநிலை ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 2010க்கும் 2022க்கும் இடையே அனுபவமுள்ள ஆசிரியர்களின் சம்பளம், விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், ஏறத்தாழ 13 சதவீதம் சரிந்தது. அதே நிறுவனம் சொல்லும் இன்னொரு எண்: 2009-10க்கும் 2019-20க்கும் இடையே ஒரு மாணவருக்கான பள்ளிச் செலவும் உண்மை மதிப்பில் 9 சதவீதம் குறைந்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டுகளில் பள்ளிகள் ஓடியதற்கு முக்கியமான காரணம், அவற்றின் மிகப் பெரிய செலவினம் விலைவாசியோடு சேர்ந்து ஏறாததுதான். அரசு குறைத்த பணத்தில் ஒரு பங்கை ஆசிரியர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து ஈடுகட்டிக்கொண்டிருந்தார்கள் என்று சொன்னால் மிகையில்லை. அப்படிக் கிடைத்த சேமிப்பு என்றைக்கும் நிலைக்காது. ஆசிரியப் பயிற்சிக்கு ஆள் சேர்வது குறைந்தது. 2023-24இல் உயர்நிலைப் பள்ளிகளுக்கான பயிற்சியில் சேர்ந்தவர்கள் இலக்கில் பாதிதான். இயற்பியலில் 17 சதவீதம். இயற்பியல் பட்டதாரி ஒருவர் வங்கியிலோ மென்பொருள் நிறுவனத்திலோ வாங்கும் சம்பளத்தைப் பார்த்தால் இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. சம்பளத்தை உயர்த்தாமல் வேறு வழியில்லை என்ற கட்டம் வந்தபோது, உயர்வைத் தாங்கும் கொழுப்பு பள்ளி பட்ஜெட்டில் மிச்சமில்லை.

‘முழு நிதியுடன்’ என்றால் என்ன?

மானியம் கொடுத்துவிட்டு மீதியைப் பள்ளியின் தலையில் கட்டும் பழக்கம் 2018இலேயே வந்துவிட்டது. அந்த ஆண்டு, அடிப்படை ஊதிய அளவில் இருந்த ஆசிரியர்களுக்கு 3.5 சதவீதம், மேல்நிலை அளவில் இருந்தவர்களுக்கு 2, தலைமைப் பொறுப்பில் இருந்தவர்களுக்கு 1.5 என்று அன்றைய அமைச்சர் டேமியன் ஹிண்ட்ஸ் பிரித்துக் கொடுத்தார். எல்லோருக்கும் 3.5 என்பதே குழுவின் பரிந்துரை. முதல் 1 சதவீதம் பள்ளியின் பொறுப்பு, அதற்கு மேல் மானியம். அடுத்த ஆண்டு 2.75 சதவீத உயர்வு வந்தபோது பள்ளியின் பங்கு 2 சதவீதமானது.

மோதல் வெடித்தது 2022க்குப் பிறகு. உக்ரைன் போரை ஒட்டி எரிவாயு விலையும் விலைவாசியும் எகிறிய ஆண்டில், பெரும்பாலான ஆசிரியர்களுக்கு 5 சதவீதம் அறிவிக்கப்பட்டது. அறிவிப்போடு கூடுதல் பணம் ஏதும் வரவில்லை. சில மாதம் கழித்து, நவம்பரில்தான் நிதியமைச்சர் ஜெரமி ஹண்ட் அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 230 கோடி பவுண்டு கூடுதலாகத் தந்தார். ஆசிரியர்களுக்கு 5 சதவீதம் போதவில்லை. 2023 பிப்ரவரி 1 அன்று ஆசிரியர் தொழிற்சங்கமான தேசியக் கல்விச் சங்கம் வேலைநிறுத்தத்தைத் தொடங்கியது.

மார்ச்சில் அரசு ஒரு சமரசத் திட்டத்தை வைத்தது: நடப்பு ஆண்டுக்கு ஒருமுறை 1,000 பவுண்டு, அடுத்த ஆண்டுக்குச் சராசரியாக 4.5 சதவீதம். தேசியக் கல்விச் சங்க உறுப்பினர்களில் வாக்களித்தவர்களில் 98 சதவீதம் பேர் அதை நிராகரித்தார்கள். தொகை குறைவு என்பது மட்டும் அதற்குக் காரணமல்ல. 4.5இல் அரை சதவீதத்துக்குத்தான் புதுப் பணம் இருந்தது. மற்றது பள்ளியின் கையிலிருந்து. தன் சம்பளம் உயர்வதற்காகத் தன் வகுப்பில் உள்ள உதவியாளரின் வேலை போகும் என்றால், எந்த ஆசிரியருக்கும் அது வெற்றியாகப் படாது. உலகில் எத்தனையோ தொழிற்சங்கப் போராட்டங்களைப் பார்த்திருக்கிறோம். ‘உயர்வு கொடு, ஆனால் என் நிறுவனத்தின் பணத்திலிருந்து கொடுக்காதே’ என்று கேட்ட போராட்டம் அபூர்வம்.

ஜூலையில் 6.5 சதவீதத்தில் உடன்பாடு ஏற்பட்டது. இதில் 3.5 சதவீதத்தைப் பள்ளிகள் தங்கள் பட்ஜெட்டிலேயே சமாளிக்க முடியும் என்பது கல்வித் துறையின் கணிப்பு. எஞ்சிய 3 சதவீதத்துக்கு 2023-24இல் 52.5 கோடி பவுண்டும் அடுத்த ஆண்டு 90 கோடி பவுண்டும் தருவதாக அரசு ஒப்புக்கொண்டது. சங்கங்களும் இதை ஏற்றன. ‘முழு நிதியுடன்’ என்று பத்திரிகைகளில் வரும் சொற்றொடரின் பொருள் இதுதான்: மொத்தச் செலவும் அல்ல, பள்ளிகளால் தாங்க முடியும் என்று லண்டனில் உள்ள துறை அலுவலகம் கணித்த அளவுக்கு மேற்பட்ட செலவு மட்டும்.

சராசரிப் பள்ளி எங்கே இருக்கிறது?

அந்தக் கணிப்பு நாடு முழுவதற்குமான சராசரி. மானியமும் மாணவர் எண்ணிக்கை, இலவச மதிய உணவுக்குத் தகுதி பெற்ற பிள்ளைகளின் எண்ணிக்கை, பள்ளிக்கு ஒரு நிலையான தொகை ஆகியவற்றை வைத்துப் பகிரப்படுகிறது. ஒரு பள்ளியில் உண்மையில் எந்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய சம்பளம் என்ன என்று யாரும் கேட்பதில்லை.

இதன் விளைவை ஒரு கணக்கில் பார்க்கலாம். லண்டனுக்கு வெளியே ஊதிய அளவின் உச்சியில் இருக்கும் வகுப்பாசிரியர் 2024-25இல் 49,084 பவுண்டு வாங்கினார். 4 சதவீதம் உயர்ந்து 51,048 ஆனது. உயர்வு 1,964. ஆனால் பள்ளிக்கு ஆகும் செலவு அத்துடன் முடியவில்லை. அந்தத் தொகையின் மேல் ஆசிரியர் ஓய்வூதியத்துக்குப் பள்ளி கட்டும் பங்கு 28.68 சதவீதம், தேசியக் காப்பீட்டுக்கு 15 சதவீதம். கூட்டினால் ஏறத்தாழ 2,820 பவுண்டு. அளவின் அடியில் இருக்கும் புதியவருக்கு இதே 4 சதவீதம், எல்லாம் சேர்த்து 1,820 பவுண்டுக்குள் முடிகிறது.

ஏழு வகுப்புகள், வகுப்புக்கு 30 பேர், மொத்தம் 210 குழந்தைகள் உள்ள இரண்டு தொடக்கப் பள்ளிகளை எடுத்துக்கொள்வோம். பிள்ளைகளின் பின்னணியும் ஒன்றே என்றால் இரண்டுக்கும் ஒரே மானியம். ஒன்றில் ஏழு பேரும் மூத்த ஆசிரியர்கள், இன்னொன்றில் ஏழு பேரும் புதியவர்கள் என்றால், உயர்வின் செலவில் மட்டும் 7,000 பவுண்டு வித்தியாசம். நிஜத்தில் இவ்வளவு தெளிவாகப் பிரியாது. ஆனால் இருபது ஆண்டுகளாக ஆசிரியர்களைத் தக்கவைத்திருக்கும் பள்ளி, அந்த நற்பெயருக்காகவே அபராதம் கட்டுகிறது. ஆசிரியர்கள் வேலையை விட்டு ஓடாமல் இருக்கத்தான் ஊதிய உயர்வு என்று சொல்லிக்கொண்டு, ஓடாத ஆசிரியர்கள் உள்ள பள்ளிக்குச் சுமையைக் கூட்டுவது எனக்கு விநோதமாகவே படுகிறது.

பிள்ளைகள் குறையும் பள்ளிக்கு நிலைமை இன்னும் மோசம். இங்கிலாந்தில் 2012 வாக்கில் உச்சம் தொட்ட பிறப்பு எண்ணிக்கை அதன்பின் இறங்கியது. லண்டன் உள்நகரில் வீட்டு வாடகை குடும்பங்களை வெளியே தள்ளியது. 2025-26இல் தொடக்கப் பள்ளி மாணவர் ஒருவருக்கு உறுதி செய்யப்பட்ட குறைந்தபட்ச நிதி 4,955 பவுண்டு. ஒரு வகுப்பில் 30 பேர் 25 ஆனால் ஏறத்தாழ 25,000 பவுண்டு போய்விடும். வகுப்பு மட்டும் இருக்கும், அதற்கு ஆசிரியரும் வேண்டும். ஐந்து பிள்ளைகள் குறைந்ததற்காக ஆசிரியரில் ஆறில் ஒரு பங்கைக் குறைக்க முடியாதல்லவா? லண்டனின் ஹாக்னி, கேம்டன், லாம்பெத், சதர்க் பகுதிகளில் தொடக்கப் பள்ளிகள் மூடப்பட்டதற்கும் இணைக்கப்பட்டதற்கும் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

நேரமும் உதவுவதில்லை. உயர்வு நடைமுறைக்கு வருவது செப்டம்பரில். 2023இல் அறிவிப்பு ஜூலை 13 அன்று வந்தது, 2024இல் 5.5 சதவீத உயர்வை நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் அறிவித்தது ஜூலை 29 அன்று, பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை விட்ட பிறகு. உள்ளாட்சியின் கீழ் உள்ள பள்ளிகளின் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. அவை அதற்குள் பட்ஜெட்டை இறுதி செய்திருக்கும். சம்பளம் எவ்வளவு என்று தெரியாமலே போட்ட பட்ஜெட். 2025இல் மே மாதத்திலேயே அறிவித்தது உண்மையிலேயே ஒரு முன்னேற்றம்.

அந்த ஆண்டின் சுமை வேறு பக்கத்திலிருந்து வந்தது. 2025 ஏப்ரல் முதல் தேசியக் காப்பீட்டில் முதலாளியின் பங்கு 13.8 சதவீதத்திலிருந்து 15 ஆகக் கூடியது. பங்கு கட்டத் தொடங்கும் வரம்பு 9,100 பவுண்டிலிருந்து 5,000க்கு இறங்கியது. பள்ளியும் ஒரு முதலாளிதான். இதற்கு ஈடாக 93 கோடி பவுண்டு மானியம் வந்தது. அதுவும் சராசரியாகப் பகிரப்பட்டதால், பல பள்ளிகளில் கட்ட வேண்டியதற்கும் கிடைத்ததற்கும் இடைவெளி விழுந்தது. வரம்பு குறைந்தது சம்பளம் குறைவான பகுதிநேர ஊழியர்கள் அதிகம் உள்ள இடங்களைத்தான் கூடுதலாகக் கடித்தது. பள்ளியில் அப்படிப்பட்டவர்கள் மதிய உணவு மேற்பார்வையாளர்கள், வகுப்பு உதவியாளர்கள்.

வெட்டு விழும்போது முதலில் போவதும் அவர்களுடைய இடங்களே. ஆசிரியரைக் குறைத்தால் வகுப்பு நடக்காது, விளக்கை அணைத்தால் மிச்சமாவது சொற்பம். உதவியாளர் ஒருவர் விலகினால் அந்த இடத்தை நிரப்பாமல் விட்டுவிடலாம்; செய்தியாகவும் வராது. சிறப்புத் தேவை உள்ள பிள்ளைக்குத்தான் அது உடனே தெரியும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஆகும் கூடுதல் செலவில் முதல் 6,000 பவுண்டைப் பள்ளியே தன் பட்ஜெட்டிலிருந்து போட வேண்டும் என்பது 2013இல் வந்த விதி. அப்படிப்பட்ட பிள்ளைகளை மனமுவந்து சேர்த்துக்கொள்ளும் பள்ளிக்குச் செலவு கூடிக்கொண்டே போகிறது. உதவியாளர்களுக்கு அடுத்தபடி, கட்டடப் பழுதுபார்ப்பைத் தள்ளிப்போடுவது. மாணவர் குறைவாக எடுக்கும் இசை, நாடகம், ஜெர்மன் போன்ற பாடங்களை நிறுத்துவது. இரு வேறு வயதுப் பிள்ளைகளின் வகுப்புகளை ஒன்றாக்குவது.

நியாயமாகச் சொன்னால் அரசின் பக்கமும் ஒரு வாதம் இருக்கிறது. எல்லாப் பள்ளிகளும் காலியான பெட்டியோடு இல்லை. சிலவற்றிடம் சேமிப்பு இருக்கிறது. மின்சாரத்தையும் காப்பீட்டையும் சேர்ந்து வாங்கினால் மிச்சப்படுத்தலாம் என்பதும் சரி. ஒவ்வோர் ஆசிரியரின் சம்பளத்தையும் பார்த்து மானியம் கொடுத்தால், ஆட்களை யோசித்து நியமிக்கும் பொறுப்பு பள்ளிக்கு இல்லாமல் போகும் என்ற பயத்தையும் தள்ளிவிட முடியாது. ஆனால் பதினைந்து ஆண்டுகளாக ஒட்டக் கறந்த மாட்டிடம் இன்னும் ஒரு சதவீதம் ‘செயல்திறன்’ கேட்பவர்கள், அது எந்தச் செலவிலிருந்து வரும் என்பதைச் சொல்வதில்லை.

2025 ஜூன் செலவுத் திட்டத்தில், பள்ளிகளுக்கான மைய ஒதுக்கீடு 2028-29க்குள் ஆண்டுக்கு 470 கோடி பவுண்டு கூடும் என்று அரசு அறிவித்தது. அக்டோபரில், 2026-27 தொடங்கி மூன்று ஆண்டுகளுக்கும் சேர்த்து 6.5 சதவீதம் உயர்வு போதும் என்று கல்வித் துறை ஊதியக் குழுவிடம் முன்மொழிந்தது. மூன்று ஆண்டுக் கணக்கு முன்கூட்டியே தெரிவது பள்ளிகள் வெகுநாளாகக் கேட்டதுதான். ஆனால் அந்த எண்ணைச் சங்கங்கள் ஏற்க மறுத்தால், அல்லது குழு அதைவிடக் கூடுதலாகப் பரிந்துரைத்தால், மிச்சத்துக்குப் பணம் கேட்டு எல்லோரும் மறுபடி நிதித் துறையின் கதவைத்தான் தட்ட வேண்டும். மாணவர் எண்ணிக்கை சரிவதால் மிச்சமாகும் பணத்தை நிதித் துறை திரும்ப எடுத்துக்கொள்ளுமா, பள்ளிகளிடமே விட்டுவைக்குமா என்பதைப் பொறுத்து அந்தப் பேச்சின் போக்கு மாறும்.