பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி வேலை தேடுவது எப்படி?

(வானொலி உரை)



"பையன் அக்ரி படிச்சு முடிச்சிட்டான். யுனிவர்சிட்டியிலே ஒரு வேலை வாங்க யாரைப் பிடிக்கணும்?" என்று நம்மில் பலர் கேட்கிறோம். யாரையும் பிடிக்க வேண்டாம். தேடுகிற வழி தெரிந்தால் போதும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1971-இல் கோயம்புத்தூரில் தொடங்கப்பட்டது. ஆனால் வேலை கோவையில் மட்டும் இல்லை. ஆடுதுறையில் நெல், வம்பனில் பயறு என்று பல ஊர்களில் அதன் ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. உங்கள் ஊருக்குப் பக்கத்திலும் ஒன்று இருக்கலாம்.

வேலை இரண்டு வகை. ஒன்று நிரந்தர வேலை. இதற்கு முறைப்படி விளம்பரம் வரும்; போட்டியும் அதிகம். மற்றொன்று திட்ட வேலை. ஒரு புது ரகத்தைச் சோதிக்கவோ, ஒரு பூச்சியைப் பற்றி ஆராயவோ மத்திய, மாநில அரசுகள் பணம் ஒதுக்கும். அந்தப் பணத்தில் ஆராய்ச்சியாளர், தொழில்நுட்ப உதவியாளர் என்று ஆள் எடுப்பார்கள். பட்டம் படித்தவர்களுக்கும், சில இடங்களில் டிப்ளமா படித்தவர்களுக்கும் இடம் உண்டு. என்ன படிப்பு வேண்டும் என்பது அறிவிப்பிலேயே இருக்கும்.

வேலை என்ன தெரியுமா? தூர் எண்ணுவது, கதிரை எடை போடுவது, மண் மாதிரி எடுப்பது, பூச்சியைக் கணக்கெடுப்பது, எல்லாவற்றையும் பிசகாமல் பதிவேட்டில் எழுதுவது. வயலில் இறங்கிப் பழகிய நம்ம பிள்ளைகளுக்கு இது புதுசில்லை.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். திட்ட வேலை குத்தகை நிலம் மாதிரி. காலம் முடிந்தால் வேலையும் முடிந்தது. அதனால் சேரும் முன்பே எத்தனை மாதம், தொகுப்பூதியம் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஆனாலும் அந்த அனுபவச் சான்றிதழ் வீண் போகாது. மேல்படிப்புக்கும் அடுத்த வேலைக்கும் கை கொடுக்கும்.

அறிவிப்பைப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் வாரம் ஒரு தடவையாவது பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்து ஆராய்ச்சி நிலையத்திலும் நேரில் விசாரிக்கலாம். அறிவிப்புக்கும் நேர்முகத் தேர்வுக்கும் நடுவில் பல சமயம் சில நாட்கள்தான் இருக்கும். மதிப்பெண் பட்டியல், பட்டச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றின் அசலும் நகலும் எப்போதும் தயாராக ஒரு பையில் இருக்கட்டும்.

"ரெண்டு லட்சம் குடுங்க, நிரந்தரமாக்கித் தர்றேன்" என்று யாராவது வந்தால் திண்ணையில்கூட உட்கார வைக்காதீர்கள். திட்ட வேலையை எந்தத் தரகராலும் நிரந்தரமாக்க முடியாது. அதை நம்பி மாட்டை விற்றவர்க்கு மாடும் இல்லை, வேலையும் இல்லை. காசு கேட்பவரிடம் அறிவிப்பைக் காட்டச் சொல்லுங்கள். ஆள் நிற்க மாட்டார்.