பின்கட்டுப் பறவைகளும் விசுவாசமும்

காலை ஏழு மணிக்குத் தாமான் வீட்டின் பின்கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது மைனா. துணிக்கொடியில் புள்ளிப்புறா, வேலியோரச் செம்பருத்தியில் தேன்சிட்டு, குப்பைத்தொட்டியின் மேல் காகம். சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடுகளில் தாழ்வாரத்துப் பூந்தொட்டியே இவற்றுக்குத் தோட்டம். அன்றாடம் கண்ணில் படுவதாலேயே இவற்றை யாரும் நின்று பார்ப்பதில்லை.

கவலைப்பட வேண்டாம் என்று சொல்ல வந்த இயேசு, முதலில் கைகாட்டியது இத்தகைய சாதாரணப் பறவைகளைத்தான். மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் அவர் சொல்லும் 'பாருங்கள்' என்பதற்குக் கிரேக்க மூலத்தில் உள்ள வினைச்சொல், கண்ணை நிறுத்தி உற்று நோக்குவதைக் குறிக்கும். போகிற போக்கில் பார்த்துவிட்டுப் போவதற்கு அந்தச் சொல் பொருந்தாது. ஆக, இது சீடர்களுக்குக் கொடுக்கப்பட்ட வீட்டுப்பாடம் என்றே சொல்லலாம்.

அந்தப் பாடத்தை ஆயுள் முழுவதும் படித்தவர் ஜான் ஸ்டாட் (1921-2011). லண்டன் ஆல் சோல்ஸ் ஆலயத்தில் 1950 முதல் 1975 வரை தலைமைக் குருவாக இருந்தவர். இயற்கையைக் கவனிக்கும் பழக்கத்தைச் சிறு வயதில் அவருக்கு ஏற்படுத்தியவர் மருத்துவரான தந்தை. பிற்காலத்தில் ஊழியத்திற்காக எந்த நாட்டுக்குச் சென்றாலும் தொலைநோக்கியும் உடன் செல்லும். பறவைகள் நம் ஆசான்கள் என்று பொருள்படும் தலைப்பில் 1999இல் ஒரு நூலே எழுதினார். படங்களும் அவர் எடுத்தவையே. பறவைகளை ஆசிரியர்கள் என்று சொல்வது அவருக்கு முன்பே, 16ஆம் நூற்றாண்டில், மார்ட்டின் லூதர் மலைப்பிரசங்கத்தை விளக்கும்போது கையாண்ட கருத்தாகும்.

கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால், ஐம்பது வயதில் ஆட்குறைப்பில் வேலையை இழந்து, வீட்டுக் கடனும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் கழுத்தை நெரிக்க உட்கார்ந்திருக்கும் ஒரு குடும்பத் தலைவரிடம் போய் "குருவியைப் பாருங்கள் அண்ணே, கவலைப்படாதீர்கள்" என்று சொல்ல முடியுமா? சொன்னால் அவருக்குக் கோபம் வருவது நியாயமே.

இங்கேதான் உற்று நோக்குவது தேவைப்படுகிறது. அந்தத் தேன்சிட்டைக் கவனியுங்கள். விடிந்தது முதல் பொழுது சாயும் வரை பூவுக்குப் பூ அலைகிறது. தேனுக்கு மேல் சிலந்தியும் பூச்சியும் தேடிக் குஞ்சுக்கு ஊட்டுகிறது. கடவுள் உணவு கொடுக்கிறார் என்றால் கூட்டுக்குள் கொண்டுவந்து போடுகிறார் என்று பொருளில்லை. உழைப்பை இயேசு விலக்கவும் இல்லை. நாளைக்கு என்ன ஆகுமோ என்று இன்றைய உழைப்பையே முடக்கிப் போடும் பதைப்பைத்தான் அவர் விலக்கச் சொன்னார்.

லூக்கா 12ஆம் அதிகாரத்தில் இதே போதனை வரும்போது, பொதுவாகப் பறவைகள் என்னாமல் காகத்தையே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். யூதச் சட்டப்படி காகம் அசுத்தமான பறவை. லேவியராகமத்தின் விலக்கப்பட்ட பட்டியலில் அதற்கு இடமுண்டு. கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குச் சற்று அதிர்ச்சியாகவே இருந்திருக்கும். நம் காகத்தின் கதையும் அப்படித்தான். காப்பித் தோட்டங்களில் புழுக்களை ஒழிப்பதற்காக 1890களில் இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்ட வீட்டுக்காகம், பின்னர் எல்லாருக்கும் தொல்லையாகிவிட்டது. கிள்ளானிலும் சிங்கப்பூரிலும் துப்பாக்கியால் சுட்டு அதன் எண்ணிக்கையைக் குறைக்க முயன்றதும் உண்டு. யாருக்கும் வேண்டாத அந்தக் காகத்திற்கும் அங்கே பந்தியில் இடமிருக்கிறது. தோட்டத்து வேலைக்கென்று கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

குருவியின் விலையோ இன்னும் மலிவு. ஒரு காசுக்கு இரண்டு என்கிறார் மத்தேயு. இரண்டு காசுக்கு ஐந்து என்கிறார் லூக்கா. அதாவது ஐந்தாவது குருவி இலவசம்! அந்தக் காசு ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளத்தில் பதினாறில் ஒரு பங்கு. தமிழ் வேதாகமம் இதை அடைக்கலான் குருவி என்கிறது. மனிதர் வீட்டு இறவாரத்தில் அடைக்கலம் புகுவதால் வந்த பெயர். மொழிபெயர்ப்பாளர்கள் அறிந்து செய்தார்களோ என்னவோ, மூலத்தில் இல்லாத ஓர் அழகு அந்தப் பெயரில் கூடிவிட்டது.

இந்த வசனத்தைப் பலர் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். குருவி கீழே விழாது என்று இயேசு எங்கும் சொல்லவில்லை. பிதாவை அன்றி விழாது என்பதுதான் வாக்கு. துன்புறுத்தலையும் மரணத்தையும் எதிர்கொள்ளப் போகும் சீடர்களுக்குச் சொன்னது அது. விசுவாசம் இருந்தால் நோய் வராது, வேலை போகாது என்று போதித்து, அவை வந்தபோது நொந்த மனங்களை மேலும் நோகடித்தவர்கள் அந்த அதிகாரத்தை முழுவதும் படித்திருக்கலாம்.

எல்லாப் பறவையிலும் பாடம் தேடினால் சிக்கலும் வரும். அதிகாலையில் கூவி எழுப்பும் குயில், காகத்தின் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடுகிறது. அதில் என்ன நற்பண்பைக் காண்பது? கோழி தண்ணீர் குடித்து அண்ணாந்து பார்ப்பதை நன்றி சொல்வதாகக் கூறுவார்கள். புறாவோ தலை தூக்காமல் உறிஞ்சிக் குடிக்கும். அது நன்றி கெட்டதன்று. அதன் உடலமைப்பு அப்படி. உவமை உவமையாக இருக்கும் வரைதான் ருசி. ஸ்டாட் முதலில் வேதத்தைப் படித்தார், பிறகு பறவையைப் பார்த்தார். அந்த வரிசையை மாற்றினால் நமக்குத் தோன்றியதையெல்லாம் கடவுளின் வாயில் திணிக்க நேரும்.

தொடங்க விரும்புவோருக்குச் செலவு எதுவுமில்லை. காலையில் கால் மணி நேரம், கைத்தொலைபேசியை உள்ளே வைத்துவிட்டு வந்தால் போதும். தீனி போட வேண்டாம். சிங்கப்பூரில் 2020இல் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தப்படி வனவிலங்குகளுக்கு உணவளிப்பது குற்றம். பறவைகளும் அதில் அடங்கும். பூந்தொட்டியில் தேன்சிட்டு கூடு கட்டியிருந்தால், சிலந்தி வலையால் இழைத்த சிறு சுருக்குப் பை போலத் தொங்கும். பக்கவாட்டில் வாசல் இருக்கும். முட்டையிட்டுக் குஞ்சு பறக்க ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அதுவரை அந்தக் கிளையை வெட்டாமல், துணி உலர்த்தும் கழியை மட்டும் சற்றுத் தள்ளி வைத்துக்கொள்ளலாம்.