எத்தனை கோப்பு என்பதா கணக்கு?

பிரேசிலில் ஒரு வாடிக்கையாளரின் அலுவலகம். 40,000 டாலர் மதிப்புள்ள ஜெராக்ஸ் கலர் இயந்திரம் திரும்பத் திரும்ப மக்கர் செய்துகொண்டிருந்தது. பழுது பார்க்க வந்த டெக்னீஷியனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இயந்திரத்தையே மாற்றிக் கொடுத்துவிடலாம் என்ற முடிவுக்கு வந்துவிட்டார். கடைசியாக ஒருமுறை கம்பெனியின் 'யுரேகா' தரவுத்தளத்தில் தேடியபோது, கனடாவின் மான்ட்ரியலில் வேலை பார்க்கும் ஒரு டெக்னீஷியன் எழுதியிருந்த குறிப்பு கிடைத்தது. அது சொன்ன இடத்தைத் திறந்து பார்த்தால் ஃபியூஸ் ஹோல்டர் போயிருந்தது. அதன் விலை 50 சென்ட்.

அறிவு மேலாண்மை பற்றிய பேச்சு வரும் இடங்களில் இந்தச் சம்பவத்தை அடிக்கடி சொல்வார்கள். கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்தார்கள், பலன் கிடைத்தது என்று அதோடு முடித்தும்விடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முந்தைய இரண்டு கேள்விகள். மான்ட்ரியல்காரர் ஏன் மெனக்கெட்டு எழுதினார்? முன்பின் தெரியாத அவர் எழுதியதைப் பிரேசில்காரர் ஏன் நம்பினார்? தன்னிடம் இருக்கும் அறிவு எப்படிப் பயன்படுகிறது என்று அளக்க விரும்பும் நிறுவனம் இங்கேதான் தொடங்க வேண்டும். நம் நிறுவனங்கள் பெரும்பாலும் தொடங்குவது வேறு கேள்வியில்: இதுவரை மொத்தம் எத்தனை கோப்பு ஏறியிருக்கிறது?

யுரேகாவின் கதை 1980களில் ஆரம்பிக்கிறது. ஜெராக்ஸ் டெக்னீஷியன்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று ஜூலியன் ஓர் என்ற மானுடவியலாளர் கூடவே போய்ப் பார்த்தார். நிர்வாகத்தின் கணக்கு எளிமையானது: இயந்திரம் ஒரு பிழைக் குறியீட்டைக் காட்டும், கையேட்டில் அதற்குரிய பக்கத்தைப் புரட்டி, அதில் உள்ளபடி செய்தால் போதும். ஓர் கண்டதோ வேறு. ஒரு இடத்தில் ஈ053 என்ற குறியீடு வந்துகொண்டே இருக்கிறது. அது காட்டிய இடத்தில் கோளாறு இல்லை. டெக்னீஷியனும் அவருக்குத் துணையாக வந்த சீனியரும் இயந்திரத்தின் முன் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். "அன்றைக்கு அங்கே இப்படித்தான் ஆனது", "எனக்கு ஒருமுறை அப்படி வந்தது" என்று ஒருவர் அனுபவத்தோடு மற்றவர் அனுபவத்தை ஒட்டி ஒட்டிப் பார்த்து, கடைசியில் உண்மையான கோளாறைப் பிடித்துவிடுகிறார்கள். காலைச் சாப்பாட்டு நேரத்திலும் இதே பேச்சுதான். நிர்வாகத்தின் பார்வையில் வீண் அரட்டை. உண்மையில் அந்தத் தொழிலின் அறிவு முழுவதும் அந்த மேஜையில்தான் கைமாறிக்கொண்டிருந்தது. ஓர் இதை 1996இல் தனிப் புத்தகமாகவே எழுதினார்.

அந்தப் பேச்சைக் கெடுக்காமல் நிறுவனம் முழுக்கக் கொண்டுபோவது எப்படி என்ற கேள்விக்கு விடையாகத்தான் யுரேகா பிறந்தது. முதலில் பிரான்ஸில், அங்கே பல வீடுகளில் இருந்த, தொலைபேசி இணைப்பில் இயங்கிய மினிடெல் கருவியின் வழியாக ஓடியது. ஒரு டெக்னீஷியன் குறிப்பு எழுதினால், அந்த இயந்திரத்தில் கைதேர்ந்தவர்கள் அதைச் சரிபார்ப்பார்கள். தேறினால்தான் எல்லோருக்கும் போகும், எழுதியவர் பெயரோடு போகும். குறிப்புக்குப் பணம் தரலாமா என்ற யோசனையும் வந்தது. வேண்டாம் என்று சொன்னவர்கள் டெக்னீஷியன்கள்தான். பணம் வந்தால் எண்ணிக்கை பெருகும், தரம் போய்விடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பெயர் இருந்தால் போதும் என்றார்கள். ஒருவர் சக தொழிலாளிகள் மத்தியில் சம்பாதிக்கும் மரியாதைக்கு ஈடான ஊக்கத்தொகை எந்த மனிதவளத் துறையிடமும் கிடையாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அவர்கள் பயந்தது எவ்வளவு சரி என்பதற்குப் பெங்களூரு இன்ஃபோசிஸே சாட்சி. அறிவுப் பகிர்வில் உலக அளவில் விருதுகள் வாங்கிய நிறுவனம் அது. 'கே-ஷாப்' என்ற உள்தளத்தில் ஊழியர்கள் கட்டுரைகளை ஏற்ற, 'நாலெட்ஜ் கரன்சி யூனிட்' என்ற புள்ளிகள் வழங்கப்பட்டன. சேர்த்த புள்ளிகளைப் பரிசாக மாற்றிக்கொள்ளலாம். கட்டுரைகள் மளமளவென்று குவிந்தன. சரிபார்ப்பவர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை, தரம் சரிந்தது, தேடுபவருக்கு வேண்டியது குவியலுக்குள் மறைந்தது. அதைவிடக் கவலை தருவது, முன்பு கேட்டவுடன் சக ஊழியருக்குச் சும்மா சொல்லித் தந்ததற்கும் பலன் எதிர்பார்க்கும் மனநிலை தலைகாட்டியதுதான். ரகு கருட், அருண் குமாரசுவாமி என்ற இரு ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வு இதை விரிவாகச் சொல்கிறது. நிறுவனம் கண்ணை மூடிக்கொண்டு இருந்துவிடவில்லை. சரிபார்ப்பைக் கடுமையாக்கியது, பரிசுப் பணத்தின் பங்கைக் குறைத்து அங்கீகாரத்தை முன்னிறுத்தியது, படித்தவருக்கு அது பயன்பட்டதா என்பதற்கு எடை கூட்டியது. இந்தத் திருத்தம்தான் அங்கே கற்றுக்கொள்ள வேண்டிய பகுதி.

நாசாவும் விண்வெளித் திட்டங்களில் கற்ற பாடங்களைப் பல ஆண்டுகளாகத் தரவுத்தளத்தில் சேர்த்து வருகிறது. திட்ட மேலாளர்கள் அதைத் திறந்து பார்ப்பதே அரிது என்று 2012இல் அதன் சொந்தத் தணிக்கைப் பிரிவே அறிக்கை கொடுத்தது.

ஆகவே அளக்க வேண்டியது உள்ளே போனதை விட, வெளியே எடுக்கப்பட்டதை. உள்தளத்தில் ஊழியர்கள் தேடி, ஒன்றும் கிடைக்காமல் போன சொற்களை மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை. எதை எழுதி வைக்க வேண்டும் என்று ஊழியர்களே கொடுத்த பட்டியல் அது. கமிட்டி கூடித் தயாரிக்கும் எந்தப் பட்டியலும் இவ்வளவு துல்லியமாக இருக்காது. அடுத்து, புதிதாகச் சேர்ந்தவர் யார் துணையும் இல்லாமல் வேலையை முடிக்க எத்தனை வாரம் ஆகிறது, அது போன ஆண்டைவிடக் குறைந்திருக்கிறதா? ஒருமுறை சரிசெய்த கோளாறு வேறு கிளையில் மறுபடி முளைத்ததா? ஒரே ஒருவருக்கு மட்டும் தெரிந்த வேலைகள் எத்தனை? இந்த எண்களில் எதையும் தனிநபரின் இன்கிரிமென்டோடு முடிச்சுப் போடக் கூடாது. போட்ட மறுநாளே எண் அழகாகிவிடும், வேலை அப்படியே கிடக்கும்.

இது பெரிய ஐ.டி. கம்பெனிகளின் சங்கதி என்று சிறு தொழில்கள் ஒதுங்கிவிட முடியாது. ஐஎஸ்ஓ 9001 தரச்சான்று வைத்திருக்கும் ஒவ்வொரு பட்டறைக்கும், 2015 பதிப்பின் 7.1.6ஆம் பிரிவு பொருந்தும். வேலைக்குத் தேவையான அறிவு எது என்று நிறுவனம் கண்டறிந்து, அதைப் பேணி, வேண்டியவருக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது அது. ஆடிட்டுக்கு முந்தைய வாரம் அவசர அவசரமாக ஒரு ஃபைல் தயாராவதுதான் பல இடங்களில் நடைமுறை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

கோவையில் ஒரு ஃபவுண்டரியை எடுத்துக்கொள்வோம். மோல்டிங் மணலை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்து, உடைத்துப் பார்த்து, "தண்ணி கொஞ்சம் தூக்கல்" என்று சொல்லிவிடும் பெரியவர் அங்கே இருப்பார். ஈரத்தை அளக்கச் சோதனைக் கருவி உண்டு என்றாலும், மழை நாளில் அந்த எண்ணை எப்படி எடுத்துக்கொள்வது என்பது அவருக்குத்தான் தெரியும். ஈரம் தவறினால் வார்ப்பில் ப்ளோ ஹோல் விழும், பீஸ் ரிஜெக்ட். அவரை உட்கார வைத்து எழுதச் சொன்னால் இரண்டு பக்கத்துக்கு மேல் தேறாது, அது அவர் குற்றமுமில்லை. அவர் ஓய்வுபெற ஓர் ஆண்டு இருக்கும்போதே ஓர் இளைஞரை மணல் முன் நிறுத்த வேண்டும். முடிவை இளைஞர் சொல்ல வேண்டும், பெரியவர் அதற்குப் பிறகுதான் வாய் திறக்க வேண்டும். இருவர் கருத்தும் மாறுபட்ட தருணங்களை மட்டும் அன்றன்றைக்கு இளைஞரே குறித்து வைக்கட்டும். பிறகு வாரத்தில் சில ஷிஃப்ட் அவர் தனியாகப் பார்க்கட்டும். அந்த ஷிஃப்டுகளின் ரிஜெக்‌ஷன் கணக்கைப் பெரியவர் இருந்த ஷிஃப்டுகளோடு மாதாமாதம் ஒப்பிட்டுப் பார்த்தால், எவ்வளவு கைமாறியிருக்கிறது, இன்னும் எது பாக்கி என்பது தெரிந்துவிடும். அடுத்த ஆடிட்டில் 7.1.6ஐக் கேட்கும்போது அந்தக் கணக்கையே எடுத்து நீட்டலாம்.