கூடாரத்தை மட்டும் கட்டினால் போதுமா?

இங்கிலாந்தின் டோவரில் காரோடு கப்பல் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் பிரான்சின் கலே. கூடாரப் பயணம் போகிறவர்கள் கப்பல் கட்டணத்தைத்தான் அதிகம் ஆராய்கிறார்கள். உண்மையில் கவனம் தேவைப்படுவது கரையிறங்கிய பிறகுதான். பிரிட்டனில் இடப்பக்கம் ஓட்டியவர் அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். பிரிட்டிஷ் காரின் முகப்பு விளக்கு இடது சாலையோரம் நோக்கிச் சற்றே சாய்ந்து ஒளி வீசும். வலப்பக்கம் போகும்போது அதே ஒளி எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். விளக்கில் ஒட்டும் சிறு ஸ்டிக்கர் போதும், அதைத் தடுக்க. கப்பல் ஏறும் முன்பே ஒட்டிவிடுவது நல்லது.

செலவை மிச்சப்படுத்த இறைச்சியும் பாலும் வீட்டிலிருந்தே கொண்டுபோனால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிறகு அதற்கு அனுமதியில்லை; சீஸ் வைத்த சாண்ட்விச்சுக்கும் அதே விதி. அவற்றைக் கலேயிலேயே வாங்கிக்கொள்ளலாம். ஒளிரும் மேற்சட்டை அப்படியல்ல. வண்டி பழுதானால் அதை அணிந்துகொண்டுதான் இறங்க வேண்டும் என்பது பிரெஞ்சுச் சட்டம். டிக்கியில் கூடாரத்துக்கு அடியில் அதைப் புதைத்துவிடாதீர்கள். இருக்கையருகே, கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.