தாராவி தமிழ்ப் பள்ளியும் தாய்மார்களின் தொண்டும்

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் தாராவிச் சந்துகளில் இந்தக் காட்சியைக் காணலாம். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி ஆசிரியைகள் கையில் நோட்டுப் புத்தகத்துடன் வீடு வீடாக ஏறி இறங்குவார்கள். கூடவே இரண்டு மூன்று தாய்மார்கள். "மூத்தவளுக்கு ஆறு வயசு ஆயிட்டுல்லா? பேரு குடுத்தாச்சா?" என்று கேட்பது ஆசிரியை அல்ல, அடுத்த சந்து அக்காதான். எந்த வீட்டில் எந்தப் பிள்ளை என்பது அவருக்குத்தானே அத்துபடி!

மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. அவற்றில் தமிழும் ஒன்று. மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி தர வசதி செய்யவேண்டும் என்று, 1956-ல் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 350-ஏ பிரிவு கூறுகிறது. ஆனால் சட்டம் வந்து பெஞ்சியில் உட்காருமா? தோல் பதனிடும் தொழிலை நம்பித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்களின் சந்ததியில் பலர் இன்று ஆங்கிலப் பள்ளியை நாடுகிறார்கள். பெற்றோரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆயினும் தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூவர் என்பது 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. அறுபதோடு ஒரு பிள்ளை கூடினால் மூன்றாவது ஆசிரியரைக் கேட்க வழி பிறக்கும். தாய்மார்கள் வெயிலில் அலைவது இதற்காகத்தான்.

அதே சட்டம் பள்ளி மேலாண்மைக் குழு ஒன்றையும் வைத்திருக்கிறது. மராத்தியில் 'சாளா வியவஸ்தாபன் சமிதி' என்பார்கள். உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோராக இருக்கவேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்க்கும் அதிகாரமும் இவர்களுக்கு உண்டு. விடியுமுன் எழுந்து இட்லி அவித்து, கூடையோடு கணவரை அனுப்பிவிட்டு வரும் பெண்மணி, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுக்கலாம். கையெழுத்துப் போடுவதோடு நின்றுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம். மாநகராட்சிச் சுற்றறிக்கைகள் மராத்தியில் வரும். பேச்சு மராத்தி சரளமாக வந்தாலும் எழுத்து மராத்தி பல தாய்மார்களுக்குப் பழக்கமில்லை. மராத்தி படித்த கல்லூரிப் பிள்ளை ஒருவர் மாதம் ஒரு மணி நேரம் வந்து, அதைத் தமிழில் சொல்லிக் கொடுத்தாலே பெரிய உதவி.

மதியச் சோற்றையும் மறக்கக்கூடாது. தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 100 கிராம் தானியம், 450 கலோரி, 12 கிராம் புரதம் என்பது அரசு விதி. கிச்சடியில் பருப்பு கண்ணுக்குத் தெரிகிறதா என்று ஒரு தாய் எட்டிப் பார்த்தால் போதும், அடுத்த நாள் பருப்பு தானாகத் தெரியும்!

சுதந்திர தினத்தன்று நோட்டுப் புத்தகம் வழங்கிப் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் பிரமுகர்களுக்குக் குறைவில்லை. நோட்டும் வேண்டியதுதான். ஆனால் குழந்தைகள் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும்போது பக்கத்தில் உட்காருபவர் வாரம் ஒருமுறை வந்தாலும் அவரைத்தான் பள்ளி தேடுகிறது. அதற்காகக் காலியான ஆசிரியர் இடத்தை இனாமாக நிரப்பும் ஆளாக அவரை ஆக்கிவிடக்கூடாது. ஆசிரியரைக் கேட்டு வாங்கத்தான் வேண்டும்.

இன்னொரு தொல்லை, ஊர்ப் பயணம். கொடை, கல்யாணம், வேலையிழப்பு என்று நடுவாண்டில் குடும்பத்தோடு ஊருக்குப் போகிறவர்கள், மாற்றுச் சான்றிதழ் இல்லையே என்று பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடுகிறார்கள். சான்றிதழ் தாமதமானாலும் அரசுப் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது. பிறப்புச் சான்று இல்லையென்றும் திருப்பி அனுப்பக் கூடாது. இதைச் சந்து சந்தாகச் சொல்லி வருகிறவர்களும் அந்தத் தாய்மார்களே. தாராவி மறுசீரமைப்புக்காக 2024-ல் வீடுகளைக் கணக்கெடுக்கத் தொடங்கியது முதல், யார் எங்கே போவோமோ என்ற கவலையும் சேர்ந்துகொண்டது.

குழுக் கூட்டம் காலை பதினொரு மணிக்கு என்றால் அவர்களுக்கு அரைநாள் கூலி போகும். அதைச் சனிக்கிழமை பிற்பகலுக்கு மாற்றுங்கள் என்று கேட்க, பெரும்பான்மை உறுப்பினர்களான அவர்களுக்குத் தயக்கம் வேண்டியதில்லை.